“ஓகே பாஸ்” என்பது பதில் அல்ல

வேலையிடத்தில் ஒருவருக்குத் தெரிந்த ஆபத்து மற்றவருக்குப் போய்ச் சேராமல் எங்கே நிற்கிறது? சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் கப்பல் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சுவருக்கு இந்தப் பக்கம் வெல்டிங், அந்தப் பக்கம் தொட்டிக்குள் பெயின்டிங். வெல்டிங் ஃபோர்மேனுக்குத் தன் பெர்மிட் (அந்த வேலையைத் தொடங்கத் தரும் பாதுகாப்பு அனுமதிச் சீட்டு) தெரியும், பெயின்டருக்குப் பெயின்டில் கலக்கும் தின்னரின் ஆவி தெரியும். சுவர் சூடேறி ஆவி பற்றிக்கொள்ளும் என்பதோ, இரண்டு பெர்மிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அப்படி ஒருவர் இல்லாமல் போவதுதான் முதல் தவறு. செய்தி மேலே ஏறி மறுபடி கீழே இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்துக் குழுவுக்கு நேராகச் சொல்லிவிட்டு, மேலாளருக்கும் தெரியப்படுத்துங்கள். படி ஏற ஏறச் செய்தி சுருங்கும்: “வாடை அடிக்குது, எவ்வளவுன்னு அளக்கல” என்பது மேலே போய்ச் சேரும்போது “சின்ன விஷயம்” ஆகியிருக்கும்.

அடுத்தது, கூட்டத்தில் பெரியவர் முதலில் பேசுவது. பணிவு என்று நாம் நினைக்கும் இந்த வழக்கம்தான் அதிகம் கெடுக்கிறது. ஸ்டேசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே குழு திரும்பத் திரும்பப் பேசும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேசைக்கே வராது. மேலாளர் முதலிலேயே கருத்துச் சொல்லிவிட்டால் அது இன்னும் ஆழமாகப் புதையும். அதனால் பேச்சைத் தொடங்குமுன் 5 நிமிடம் ஒதுக்குங்கள். “இங்கே எனக்கு மட்டும் தெரிந்தது என்ன?” என்று ஆளுக்கு 2 வரி எழுதட்டும். இளையவரிடமிருந்து வாசிப்பு தொடங்கட்டும், மேலாளர் கடைசி.

“உறுதியானதும் சொல்லலாம்” என்ற தயக்கத்துக்கு சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த் மீது 2018இல் நடந்த இணையத் தாக்குதலைப் பாருங்கள். ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடு போயின. தொழில்நுட்ப ஊழியர்கள் ஜூன் மாதமே சந்தேகமான அறிகுறிகளைக் கவனித்திருந்தார்கள். இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10ஆம் தேதி. மேலே சொன்னால் உடனே விடை கேட்டு நெருக்குவார்கள் என்ற தயக்கமும் தாமதத்துக்குக் காரணம் என்பது விசாரணையில் வெளிவந்தது. ஆகவே நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: சந்தேகம் வந்து 1 மணி நேரத்துக்குள், அரைகுறையாக இருந்தாலும், பெயர் குறித்த ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னவரிடம் அன்றே முழு விளக்கம் கேட்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி தாளோடு நின்றுவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டதை “எல்லாருக்கும் சொல்லியாச்சு” என்று எண்ணாதீர்கள். நீல டிக் பார்த்ததைத்தான் காட்டும்.

மொழியும் இதில் உண்டு. தமிழ்த் தொழிலாளியிடம் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்றால் “ஓகே பாஸ்” என்றுதான் வரும். “இன்னைக்கு எதைப் பார்த்தா வேலையை நிறுத்துவீங்க தம்பி?” என்று கேளுங்கள். அவர் தமிழிலேயே சொல்லட்டும். பதில் வரும்வரை பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.