கடல் தொழிற்பாடலின் பிறப்பையும் பொருளையும் கண்டறிவது எப்படி?

பாய்மரக் கப்பல் மாலுமிகள் பாடிய ஆங்கிலப் பாட்டானாலும், நம் மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டானாலும், அதன் பொருளைத் தேடுபவர் முதலில் கண்டறிய வேண்டியது அது எந்த வேலைக்காகப் பாடப்பட்டது என்பதைத்தான். பாயை ஏற்றக் கயிறு இழுக்கும்போது ஒருவர் ஓரடி பாட, மற்றவர்கள் மறுமொழி பாடியபடி குறிப்பிட்ட சில அசைகளில் ஒருசேர இழுத்துவிட்டு, அவர் அடுத்த அடியைப் பாடும் நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். நங்கூரத்தைத் தூக்கும் உருளையைச் சுற்றி நடந்து தள்ளுவதோ இடைவிடாத வேலை என்பதால், அதற்குரிய பாட்டில் எல்லாரும் சேர்ந்து பாடும் பகுதி நீண்டு ஒலிக்கும். ஆகவே ஒலிப்பதிவைக் கேட்டுத் தாளமிட்டு, அழுத்தம் விழும் அசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலேலோ, ஐலசா போன்றவை கைகளை ஒன்றுசேர்க்கும் ஒலிகள். அவற்றுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.

அடுத்தது காலம். ஒரு பாட்டு முதன்முதலில் எழுத்தில் பதிவான ஆண்டை அது பிறந்த ஆண்டாகக் கொள்ளலாகாது. 1839இல் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் பயணம் செய்த அமெரிக்கரான பிரான்சிஸ் ஆலின் ஓல்ம்ஸ்டெட், 1841இல் வெளியிட்ட தம் பயண நூலில் ‘டிரங்கன் செயிலர்’ பாட்டைக் குறித்திருக்கிறார். அப்போதே அது மாலுமிகளிடையே வழங்கியது என்பதற்கு மேல் இச்சான்று எதையும் நிறுவாது.

முன்பாட்டுக்காரர் வேலை முடியும்வரை அடிகளைப் புதிதாகக் கட்டிப் பாடுவார் என்பதால், ‘சரியான மூலப்பாடம்’ என்று ஒன்றைத் தேடுவது வீண் என்பதே என் உறுதியான கருத்து. கிடைக்கும் வடிவங்களை அருகருகே வைத்து, எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் அடிகளை முதலில் ஆராயுங்கள். ஊர், கப்பல், ஆள் பெயர்கள் வருமிடங்களை வரலாற்றோடு ஒப்பிடுங்கள்.

சிங்கப்பூரில் இத்தேடலை விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் தொடங்கலாம். 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் 1979 முதல் சேர்க்கப்பட்டு வருபவை. இவற்றைவிட அவசரமானது, தஞ்சை, இராமநாதபுரக் கடற்கரைகளிலிருந்து வந்த குடும்பங்களின் முதியோரைச் சந்திப்பது. அவர்களிடம், “இதற்கு என்ன பொருள், தாத்தா?” என்பதைவிட, “இதைப் பாடும்போது எதை இழுத்தீர்கள், எந்த இடத்தில் இழுத்தீர்கள்?” என்று கேளுங்கள். அனுமதி பெற்றுப் பதிவுசெய்து, பாடியவர், ஊர், தொழில், நாள் ஆகியவற்றை உடனே எழுதிவையுங்கள். அவருக்கு நினைவில்லாத அடிகளை வேறொருவர் வடிவத்திலிருந்து எடுத்து நிரப்பாமல், வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.