மல்பெரிய செடியா விடாம நிழல் மரமா வளக்குறது எப்படி

நம்ம வேலூர், திருப்பத்தூர் பக்கம் மல்பெரின்னா பட்டுப்பூச்சிக்கு தழை வெட்டுற இடுப்பளவு செடிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா அது செடியே கிடையாதுங்க, சீனாலேர்ந்து வந்த மரம், தழைக்காக வெட்டிக்கிட்டே இருக்குறதாலதான் குட்டையா நிக்குது. சும்மா விட்டா 30 அடிக்கு மேல போகும். குளிர் நாட்டுல இலை மொத்தமா கொட்டிடும், நம்ம ஊர்ல மார்கழி தை வாக்குல கொஞ்சம் கொட்டி கத்திரி வெயிலுக்கு முன்னாடியே தழைச்சிடும், நமக்கு வேண்டியதும் அதானே.

நர்சரிக்கு காசு குடுக்க வேணாம். பட்டு வளக்குறவங்க கிட்ட கேட்டா குச்சி குடுப்பாங்க. பென்சில் தடிமன்ல, ஒரு சாண் நீளத்துல, மூணு நாலு கணு உள்ள முத்துன பழுப்பு குச்சியா பாத்து எடுங்க, பச்சை குச்சி அழுகிடும். செம்மண், மணல், தொழுஉரம் கலந்து கவர்ல போட்டு ஒரு கணு மட்டும் வெளிய தெரியுற மாதிரி சொருகி நிழல்ல வைங்க. ஆடில வச்சா ஐப்பசி மழைக்கு குழில எறக்கிடலாம். கரையான் இருக்குற மண்ணுன்னா குழில வேப்பம்புண்ணாக்கு ரெண்டு கைப்பிடி போடுங்க. செப்டிக் டேங்க், கார் நிறுத்துற எடம், துணி காயப்போடுற கொடி, இந்த மூணுத்துக்கும் பக்கத்துல மட்டும் வேணவே வேணாம், வேர் தண்ணிய தேடி போகும், பழம் விழுந்தா கறை போகாது.

மெயின் வேலையே இனிமேதான். நேரா போற ஒரே ஒரு தண்டை மட்டும் விட்டுட்டு பக்கத்துல வர்ற துளிரெல்லாம் வாரா வாரம் கிள்ளிடணும், கம்பு நட்டு லூசா கட்டிவிடணும், பாவம் பாத்து ரெண்டு கிளைய விட்டீங்கன்னா மறுபடி புதர்தான். ஆள் உயரம் தாண்டி 7 அடி வந்ததும் நுனிய வெட்டுங்க, நாலு பக்கமும் கிளை பிரியும், அதுல மூணு நாலு போதும். அப்புறம் இலை கொட்டுற நேரத்துல மட்டும் கவாத்து பண்ணுங்க, சித்திரைல வெட்டுனா நிழலும் போச்சு.

முத ரெண்டு கோடைக்கு தண்ணி குறைக்காதீங்க. போர் தண்ணி உப்பா இருந்தா இலை ஓரம் கருகும், மழைத்தண்ணி இருந்தா அதை ஊத்தி அடில சருகு மூடுங்க.

நுனி சுருண்டு கொத்தா நின்னா மாவுப்பூச்சி, கிள்ளி எரிச்சிடுங்க. மருந்து அடிச்ச தழைய பட்டுப்புழுவுக்கு குடுத்துடாதீங்க, செத்துடும். ஆடுங்களும் இந்த தழைய விரும்பி தின்னும். பழம் வேணும்னா கிளை நுனிய லேசா வெட்டி இலைய உருவிவிட்டு தண்ணி காட்டுங்க, புது துளிரோட காய் சேந்தே வரும், கருப்பா பழுத்ததை மட்டும் சாப்பிடுங்க, காயா தின்னா வயித்தை கலக்கும்.