பழுதான லைட் சுவிட்சை நீங்களே மாற்றலாம்: டெஸ்டர் சொல்லும்வரை கை வைக்காதீர்கள்

போன சித்திரையில் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சமையலறை சுவிட்ச் 'சர்ர்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. மெயினை இறக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றேன். "தொடாதடா, டெஸ்டர் வெச்சிப் பாரு" என்றார் நைனா. வைத்தேன். கரண்ட் இருப்பதைக் காட்டும் அதன் சிறு விளக்கு பளிச்சென்று எரிந்தது. மெயின் இறங்கியதும் கரண்ட் போய்விட்டதாக நினைத்து, இன்வெர்ட்டர் அந்த லைனுக்குத் தானே சப்ளை கொடுத்துக்கொண்டிருந்தது. சுவிட்ச் மாற்றுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன் கரண்டை முழுசாக நிறுத்துவதுதான் உண்மையான வேலை, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

இதை நாமே செய்யலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. வீட்டு வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-வது விதியிலேயே பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இருந்தபடியே மாற்றுவதற்கு விலக்கு இருந்தது. 2010-ல் வந்த புதிய ஒழுங்குமுறைகளும் அதே விலக்கை வைத்திருந்தன. பழசைக் கழற்றி அதே வகைப் புதுசைப் போடலாம். புது லைன் இழுப்பது, பாயின்ட் கூட்டுவது நம் வேலையில்லை.

முதலில் சுவிட்ச்தான் பழுதா என்று பாருங்கள். வேறு நல்ல பல்பைப் போட்டும் எரியவில்லையா? சுவிட்ச் தொட்டால் சூடாக இருக்கிறதா? அழுத்தினால் தொளதொளக்கிறதா, கருகல் வாடை வருகிறதா? அப்படியானால் சுவிட்ச்தான். பெரும்பாலும் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து, வயர் சரியாகப் பிடிக்காமல், சிறு தீப்பொறி பறந்து பறந்து கரி பிடித்திருக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய சுவிட்சின் போட்டோவைக் கொண்டுபோங்கள். பழைய வீடுகளில் மரப்பெட்டியில் பியானோ சுவிட்ச் இருக்கும், புது வீடுகளில் மாடுலர். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. மாடுலரில் ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு மாறும் என்பதால் அதே கம்பெனியே நல்லது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை வாங்க வேண்டாம். லைட்டுக்கு 6 ஆம்பியர் சுவிட்ச் போதும். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்தான். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் சுவிட்ச் வேண்டும்.

இனி கரண்டை நிறுத்துவது. பக்கத்தில் உள்ள பிளக் பாயின்ட்டின் வலதுபக்க ஓட்டையில் டெஸ்டரை வைத்து, அதன் தலையை விரலால் தொடுங்கள். எரிய வேண்டும். டெஸ்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதுதான் அத்தாட்சி. இதைச் செய்யாமல் 'டெஸ்டர் எரியவில்லை' என்று நம்பக்கூடாது. தடித்த ரப்பர் செருப்போடு மர ஸ்டூல் மேல் நின்றால் வெளிச்சம் மங்கலாகத் தெரியலாம், அதனால் ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிப் பாருங்கள். அப்புறம் மெயினை இறக்குங்கள். பழைய பீஸ் கட்டை உள்ள வீடென்றால் மெயினை இறக்கிய பிறகு கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாரும் போட முடியாது. இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில், 'இப்பதான் கரண்ட் இல்லையே' என்று மெயினை இறக்காமல் வேலையைத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடலாம்.

இப்போது உலோகத்தில் கை படாமல் போர்டின் மேல்தகட்டைக் கழற்றி, மெல்ல முன்னால் இழுங்கள். உள்ளே தெரிகிற ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் டெஸ்டரை வையுங்கள், மாற்றப் போகிற சுவிட்சில் மட்டும் வைத்தால் போதாது. ஒரே போர்டில் இன்வெர்ட்டர் லைனும் மற்ற லைனும் சேர்ந்திருப்பது சகஜம். ஏதாவது ஒன்றில் மினுக்கினாலும் மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெயில் காலத்தில் இங்கே கை எப்போதும் வியர்த்தபடியே இருக்கும், துண்டால் துடைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

எதையும் கழற்றும் முன் போனில் இரண்டு மூன்று போட்டோ எடுங்கள். சாதாரண சுவிட்சில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்றில் ஃபேஸ், அதாவது கரண்டைக் கொண்டுவரும் வயர் வரும், அதிலிருந்தே பக்கத்து சுவிட்சுக்கு லூப் வயரும் போகும். இன்னொன்றிலிருந்து லைட்டுக்கு ஒற்றை வயர். லூப்பை விட்டுவிட்டால் பக்கத்து சுவிட்சுகளும் வேலை செய்யாது. மூன்று ஸ்க்ரூ இருந்தால் அது மாடிப்படிக்கான டூ வே சுவிட்ச், ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

வயர் நுனி கறுத்திருந்தால், செம்பு பளபளவென்று தெரியும்வரை வெட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவு உரித்து, இழைகளை முறுக்கி, பழைய இடத்துக்குரிய ஸ்க்ரூவுக்குள் விட்டு இறுக்குங்கள். வெளியே செம்பு தெரியக்கூடாது. ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இன்றே வரட்டும். பின்னர் சூடாகிக் கருகுவதைவிட அது மேல். நம் ஊர் வழக்கப்படி கீழே அழுத்தினால் எரிய வேண்டும், தலைகீழாக மாட்டிவிடாதீர்கள்.

வயர் உறை நொறுங்கி உதிர்ந்தாலோ, சுவர் ஈரமாக இருந்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். அணைத்த பிறகும் எல்இடி பல்பு இரவில் மங்கலாக மினுக்கினால், ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரில் சுவிட்ச் இருக்கலாம். அப்படியிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். அதையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

தகட்டை மூடி ஸ்க்ரூ போட்ட பிறகுதான் மெயினை ஏற்ற வேண்டும். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். லைட் எரிந்ததும், அரை மணி கழித்து சுவிட்ச் மேல் விரலை வைத்துப் பாருங்கள். சூடு இல்லையென்றால் வேலை முடிந்தது. இன்வெர்ட்டரைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.