மெர்பா காக்காவை துரத்துதா? அப்போ கூடு பக்கத்துலதான் இருக்கு

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துல இருக்கிறவங்க இத கண்டிப்பா பாத்திருப்பீங்க, கைக்குள்ள அடங்குற மெர்பா (சின்னான்) குருவி ஒன்னு கத்திக்கிட்டே காக்கா பின்னாடி போயி முதுகுலயே கொத்தும், அவ்ளோ பெரிய காக்கா திரும்பிக்கூட பாக்காம ஓடும். காக்காங்க கொத்தி நொந்துபோன கரிக்குருவிக்கு சொக்கநாதர் உபதேசம் பண்ணி வலியான்னு பேர் குடுத்த கதைய பாட்டி சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மெர்பாதான் ஞாபகத்துக்கு வரும்.

தரையில மல்லுக்கு நின்னா காக்காதான் ஜெயிக்கும். ஆனா பறக்கும்போது சின்னது சட்டுனு திரும்பும், பெருசால முடியாது, மேல இருந்து பின்பக்கமா வர்றதால காக்காவோட மூக்கும் காலும் அங்க எட்டாது. அதோட காக்கா சத்தமில்லாம வந்து முட்டைய தூக்குற ஆளு, ஊரே பாத்துட்டா அந்த வேலை நடக்காது, அதான் கிளம்பிடுது. அந்தக் கரகரன்னு கத்துற சத்தம் எங்கிருந்து வருதுன்னு சுலபமா தெரியும், அதக் கேட்டு மைனா, முராய் (குண்டுகரிச்சான்)னு வேற குருவிங்களும் வந்து சேந்துக்கும்.

கூடு எங்கன்னு தெரியணும்னா துரத்துறத பாக்காதீங்க, திரும்பி வர்றத பாருங்க. ஒரு தூரத்துக்கு மேல போகாம நின்னுடும், நேரா கூட்டுக்கும் போகாது, பக்கத்துக் கிளையில உக்காந்து சுத்திமுத்தி பாத்துட்டுதான் உள்ள போகும். வாயில புழு இருந்தா குஞ்சு பொரிச்சாச்சு. மெர்பா ரொம்ப உயரத்துல கட்டாது, காகிதப்பூ செடி, பூச்சட்டி, வேலி ஓரம்னு தேடுங்க, ஆனா 10 அடி தள்ளி நின்னு பாத்தா போதும், கிட்டப் போயி இலைய விலக்கி போட்டோ எடுத்தீங்கன்னா காக்காவுக்கு நீங்களே வழி காட்டின மாதிரி ஆயிடும்.

காக்கா மேல கல்லு வீசாதீங்க, மெர்பாதான் முதல்ல பயந்து கூட்ட விட்டு ஓடும். காபி தோட்டத்துல கம்பளிப்பூச்சிய தின்னட்டும்னு 1890கள்ல சிலோன்ல இருந்து கிள்ளானுக்கு கொண்டாந்து விட்ட காக்காங்க இது, இப்ப குப்பைய நம்பி பொழைக்குது, அதனால மீந்த சோறு, மீன் செதில் எல்லாம் பையில கட்டி மூடி போட்ட தொட்டியில போடுங்க. பூனைய கொஞ்ச நாளைக்கு உள்ளயே வைங்க. இறகு முளைக்காத குஞ்சு கீழ விழுந்தா கையால எடுத்து கூட்டுலயே வைக்கலாம், மனுஷன் வாடைக்கு தாய் ஒதுக்கிடும்ங்கிறது உண்மையில்ல.

முட்டை போட்டதுல இருந்து குஞ்சு கூட்ட விட்டு பறந்து போற வரைக்கும் கிட்டத்தட்ட 1 மாசம். துரத்துற சத்தம் நின்னு, கூடு காலியா கெடந்தா அப்புறம் செடிய வெட்டிக்கலாம்.