பட்டு வேட்டியும் ஸ்னீக்கர்ஸும்: சேலத்து மாப்பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துத் திருமண மண்டபங்களில் பட்டு வேட்டிக்கு ஸ்னீக்கர்ஸ் அணிந்துவரும் இளைஞர்களை இப்போது சாதாரணமாகப் பார்க்க முடிகிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. எனினும், வேட்டியின் அழகு பாதத்துக்குச் சற்று மேலே ஒரே மட்டமாக நிற்கும் கரையில்தான் இருக்கிறது என்பதால், ஷூவை அந்தக் கரைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் செய்யும் முதல் தவறு, வேட்டியை வெறுங்காலில் கட்டிவிட்டுக் கிளம்பும்போது ஷூவை மாட்டுவது. அப்படிச் செய்தால் ஷூவின் முன்பக்கம் முட்டி, கொசுவம் கலைந்து, கரை லேஸின்மேல் சுருண்டு கிடக்கும். ஷூவைப் போட்டுக்கொண்டே கட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அடிப்பாகம் 3 சென்டிமீட்டர் தடிமனாக இருந்தால், மணமேடையில் அதைக் கழற்றியவுடன் கரையும் அதே அளவுக்குத் தரையை நோக்கி இறங்கி, அக்கினியை வலம்வரும்போது காலில் சிக்கும். ஆகவே ஷூவுடன் ஒருமுறை, வெறுங்காலுடன் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, இரண்டுக்கும் பொருந்தும் உயரத்தில் கட்டுங்கள். அடிப்பாகம் மெலிந்த ஷூவாக இருந்தால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழாது.

வெல்க்ரோ பட்டை வைத்த ஷூவைப் பட்டு வேட்டியுடன் அணியவே அணியாதீர்கள். உறவினர் திருமணம் ஒன்றில் என் வேட்டியின் சரிகை அதில் மாட்டிக்கொண்டது. நான் அவசரமாகக் காலை இழுக்க, ஒரு விரல் நீளத்துக்கு இழை வெளியே வந்து கம்பிச் சுருள்போல் நின்றது. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அந்தச் சுற்று ஒருமுறை தளர்ந்துவிட்டால் பழையபடி இறுகுவதில்லை. தறியில் உட்கார்ந்து அதை நெய்தவரின் உழைப்பை நினைத்து அன்று உண்மையாகவே வருந்தினேன்.

நிறத்திலும் கவனம் தேவை. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டின் வெண்மை, பளிச்சென்ற வெள்ளை அன்று. இளம் சந்தனச் சாயல் கொண்டது. அதன் அருகில் தூய வெள்ளை ஷூ வந்தால், புது வேட்டியும் பழையதாக மங்கித் தெரியும். தந்த நிறமோ வெளிர் பழுப்போ பட்டுக்குப் பொருந்தும். வெளுத்த பருத்தி வேட்டிக்குத் தூய வெள்ளையே நன்று. ஓட்டப் பயிற்சிக்கான பளபளப்பு வண்ண ஷூ இரண்டுக்குமே ஆகாது.

முகூர்த்தத்துக்கு முன் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குச் செல்பவர்கள், லேஸ் கட்டும் ஷூவைத் தவிர்ப்பது நல்லது. வேட்டியுடன் வாசலில் குனிந்து முடிச்சுப் போடுவதற்குள் மடிப்பு கலைந்துவிடும். காலை நுழைத்தவுடன் பொருந்திக்கொள்ளும் வகையே வசதியானது.

குர்தாவுக்குச் சுருக்கமாகச் சொன்னால், கணுக்காலில் மடிப்பு மடிப்பாக விழும் சுடிதார் பேன்ட்டுடன் உயரக் கழுத்து ஷூ வேண்டாம். நேராகத் தைத்த பேன்ட் போதும்.

ஏற்காட்டில் திருமணம் என்றால் கணக்கு வேறு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால், பனியும் தூறலும் எந்நேரமும் வரலாம். துணி ஷூ ஈரத்தை உறிஞ்சிவிடும். தோல் ஷூ துடைத்தால் காய்ந்துவிடும். ஈர மண்ணில் நடக்க வேட்டியை மடித்துக் கட்டத்தான் வேண்டியிருக்கும் என்பதால், முழங்கால்வரை ஏறும் சாக்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஷூவுக்குள் மறையும் குட்டைச் சாக்ஸை அணிந்து செல்லுங்கள்.