சட்டத்தை இரத்துச் செய்யும் செய்தியைக் கணக்குத் தவறாமல் வாசிப்பது எப்படி

கொழும்பிலிருந்து ‘ஒபாமாகெயார்’ எனப்படும் அமெரிக்கச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தின் தலைவிதியைப் பின்தொடர விரும்புபவர், நமது பாராளுமன்றத்தைப் பார்த்துப் பழகிய கணக்கை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். இங்கே 225 ஆசனங்களில் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருந்தால், சாதாரண சட்டமூலம் நிறைவேறிவிடும் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் தமது ஆசனத்தையும் இழக்கலாம் என்று அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை சொல்வதால், கொறடாவின் சொல்லுக்கு இங்கே கனம் உண்டு. (கட்சி தாவுவோர் இங்கே குறைவென்று நான் சொல்லவில்லை; தாவுபவர்கள் பெரும்பாலும் ஆளும் பக்கத்துக்கே தாவுகிறார்கள்.) அமெரிக்க செனட்டரின் ஆசனத்தை அவருடைய கட்சியால் பறிக்க முடியாது.

ஆகவே எதிர்க்கட்சியை எண்ணி நேரத்தை வீணாக்காமல், ஆளும் கட்சிக்குள்ளே எண்ணுங்கள். ஒபாமா 2010 மார்ச் 23 அன்று கையொப்பமிட்ட சட்டத்தை இரத்துச் செய்யக் குடியரசுக் கட்சியினர் 2011 முதல் பிரதிநிதிகள் சபையில் பல தடவைகள் வாக்களித்தார்கள். ஜனாதிபதி தடுத்துவிடுவார் என்பது நிச்சயமாக இருந்ததால் அந்த வாக்குகளுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. 2017 ஜனவரியில் ட்ரம்ப் பதவியேற்றதும் ஒவ்வொரு வாக்குக்கும் விலை வந்தது. குறிப்பேட்டில் இரண்டு நிரல்கள் கீறி, வெட்டியது போதாது என்பவர்களை ஒன்றிலும், வறியவர்களுக்கான அரச காப்புறுதியான மெடிகெய்ட் திட்டத்தில் அதிகம் வெட்டுகிறார்கள் என்பவர்களை மற்றதிலும் எழுதுங்கள். தலையை மூடப் போர்வையை இழுத்தால் கால் வெளியே தெரிவதுபோல, ஒரு நிரலைத் திருப்திப்படுத்தும் திருத்தம் மற்ற நிரலைக் கலைக்கும். சபாநாயகர் போல் ரயன் மார்ச் 24 அன்று வாக்கெடுப்பின்றி மீளப்பெற்ற சட்டமூலம், கடும்போக்காளர்களுக்காகத் திருத்தப்பட்டு மே 4 அன்று 217க்கு 213 என்று தப்பியது. எதிர்த்தவர்களில் 20 பேர் அதே கட்சியினர்.

அடுத்து, எந்த வழியால் கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். செனட் சபையில் விவாதத்தை முடித்துவைக்க 60 வாக்குகள் தேவைப்பட, குடியரசுக் கட்சியிடம் 52 ஆசனங்களே இருந்தன. அதனால் சாதாரண பெரும்பான்மை போதுமான வரவு செலவு இணக்க நடைமுறையைப் பிடித்தார்கள். ஆனால் அரச நிதியோடு தொடர்பில்லாத ஏற்பாடுகள் அந்த வழியில் நிற்காது. ‘முழுமையாக இரத்து’ என்ற தலைப்பைக் கண்டால் சந்தேகிக்க இந்த ஒரு விதியே போதும்.

எந்தக் கட்டத்து வாக்கெடுப்பு என்பதைக் கவனிக்காமல் நானே ஒருமுறை சறுக்கினேன். 2017 ஜூலை 25 அன்று, துணை ஜனாதிபதியின் வாக்கோடு 51க்கு 50 என்ற செய்தி இங்கே நள்ளிரவுக்குப் பின் வந்தபோது, சட்டம் போய்விட்டதென்று நண்பர்களுக்கு எழுதிவிட்டேன். உண்மையில் அது விவாதத்தைத் தொடங்குவதற்கான பிரேரணை மட்டுமே. ஜூலை 28 காலை வெள்ளவத்தையில் மணி பதினொன்றை நெருங்க, வொஷிங்டனில் இரவு ஒன்றரை மணியளவில், குடியரசுக் கட்சி செனட்டர் ஜோன் மெக்கெய்ன் சபையின் முன்பக்கம் வந்து கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். அதே கட்சியின் சூசன் கொலின்ஸும் லீசா மர்கோவ்ஸ்கியும் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் நின்றதால், குறுக்கப்பட்ட அந்த இரத்து யோசனை 49க்கு 51 என்று விழுந்தது.

யாருக்கு என்ன நட்டம் என்ற மதிப்பீட்டையும் தேடி வாசியுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காப்புறுதி அட்டை கேட்டுப் பழக்கமில்லாத நமக்கு இது எளிதில் உறைக்காது. பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவம் சட்டமானால் 2026இல் மேலும் 2 கோடியே 30 இலட்சம் பேர் காப்புறுதியின்றி இருப்பர் என்று காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் கணித்தது; அது இலங்கையின் மொத்தச் சனத்தொகையை விட அதிகம்.

தோல்வியோடு குறிப்பேட்டை மூட வேண்டாம். இங்கே சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தின் செல்லுபடியை 80(3) உறுப்புரையின்படி நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. அங்கே சட்டமான பிறகும் வழக்கு வரும். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம், காப்புறுதி எடுக்காதவருக்கான தண்டப்பணத்தை 2019 முதல் பூச்சியமாக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு சில மாநிலங்கள் சுகாதாரச் சட்டம் முழுவதையும் வீழ்த்தத் தொடுத்த வழக்கை, வழக்காட அவற்றுக்குத் தகுதியில்லை என்று 2021 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்று தள்ளியது. ஆகவே வரிச் சட்டமூலம் பற்றிய செய்தி வரும்போது, அதன் நடுப்பக்கங்களில் சுகாதாரக் காப்புறுதி பற்றிய வாசகம் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.