கல்லுக்குக் கல்லா, பூச்சுக்குப் பூச்சா? ரெவிட்டில் முதல் வீடு வரைபவர்களுக்கு

உப்புவெளியில் அம்மாவின் வீட்டோடு ஓர் அறையும் விறாந்தையும் சேர்ப்பதற்காக ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் நான் வரைந்த படத்தைக் கையில் வாங்கியதும் மேசன் கேட்ட முதல் கேள்வி இது: "தங்கச்சி, இந்தப் பன்னிரண்டு அடி கல்லுக்குக் கல்லா, பூச்சுக்குப் பூச்சா?" அளவு பூசாத கல்லின் முகத்திலிருந்தா, பூசி முடித்த முகத்திலிருந்தா என்பதுதான் கேள்வி. என்னிடம் பதில் இல்லை. முதல் சுவரை இழுத்தபோதே ரெவிட்டும் அதையேதான் கேட்டிருந்தது. கவனிக்காமல் கடந்துவிட்டேன்.

சுவர் தள்ளி நிற்கிறது, அறை சிறுத்துவிட்டது, கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஓட்டை தெரிகிறது என்று புதிதாகப் பழகுபவர்கள் சலித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். கட்டுமிடத்தில் மேசனும் தச்சரும் பிறகு கேட்கப்போவதைத்தான் பெரும்பாலும் மென்பொருள் முன்கூட்டியே கேட்கிறது. அந்த அறையையே இங்கே படிப்படியாக வரைவோம்: உள்ளளவு 12 அடிக்கு 10 அடி, முன்னால் 6 அடி விறாந்தை, ஓட்டுக் கூரை.

1. அலகும் மட்டமும்

விசைப்பலகையில் யு, என் என்ற இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்துத் தட்டினால் அலகுப் பெட்டி திறக்கும். நீளத்தை அடி அங்குலமாகவும் சரிவைப் பாகையாகவும் மாற்றுங்கள். பிறகு எலிவேஷன் (பக்கத் தோற்றம்) காட்சிக்குப் போய் நிலம், தளம், சுவர் உச்சி என்று மூன்று லெவல் (மட்டக்கோடு) போடுங்கள். எங்கள் வீட்டில் தளம் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம். கார்த்திகை, மார்கழி மழையில் முற்றத்தில் நீர் நிற்பதைப் பார்த்தவர்கள் இதைக் குறைக்க மாட்டார்கள். சுவர் உச்சி தளத்திலிருந்து 10 அடி. லெவலைப் பிரதி எடுக்காமல் லெவல் கருவியாலேயே வரையுங்கள். பிரதி எடுத்த லெவலுக்குத் தளப்படம் தானாக உருவாகாது. அதைத் தேடியே அரை நாள் போய்விடும்.

2. சுவரின் வகை

இருக்கும் சுவர் வகை ஒன்றைத் தேர்ந்து எடிட் டைப் அழுத்தி, முதலில் டூப்ளிகேட் செய்து புதுப் பெயர் வையுங்கள். இதை மறந்தால், பழைய பெயரில் உள்ள எல்லாச் சுவர்களும் சேர்ந்து மாறிவிடும். பிறகு அடுக்குகளைக் கொடுங்கள்: நடுவில் 6 அங்குலச் சீமெந்துக் கல், இரு பக்கமும் அரை அங்குலப் பூச்சு. மொத்தம் 7 அங்குலம்.

3. லொக்கேஷன் லைன்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. நீங்கள் இழுக்கும் கோடு சுவரின் எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்பதை இந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. வழக்கமாக அது சுவரின் நடுக்கோட்டில் இருக்கும். அப்படியே விட்டு 12க்கு 10 என்று வரைந்தால், இரு பக்கமும் மூன்றரை அங்குலம் உள்ளே வந்து, அறை 11 அடி 5 அங்குலத்துக்கு 9 அடி 5 அங்குலமாகிவிடும். 120 சதுர அடி என்று நினைத்த அறை ஏறத்தாழ 107½ சதுர அடிதான். ஓர் அடித் தரை ஓட்டுக் கணக்கில் பன்னிரண்டு ஓட்டுக்கும் மேலான பரப்பு குறைந்துவிடும்.

உள்ளளவு முக்கியம் என்றால் ஃபினிஷ் ஃபேஸ் இன்டீரியர் (உட்பூச்சின் முகம்) என்பதைத் தேர்ந்து, கடிகாரம் சுற்றும் திசையில் வரையுங்கள். எதிர்த் திசையில் வரைந்தால் சுவரின் வெளிமுகம் அறைக்குள் திரும்பி, தடிப்பு முழுவதும் உள்ளே விழும். அப்போது சுவரைத் தேர்ந்து ஸ்பேஸ் விசையைத் தட்டினால் புரண்டுவிடும்.

இனி மேசனுக்கான அளவு. அவர் கயிறு கட்டுவது கல்லுக்கு. பூச்சு பிறகு வருவது. அளவுக்கோடு போடும்போது மேலேயுள்ள தெரிவில் ஃபேசஸ் ஒஃப் கோர் என்பதை எடுத்தால் கல்லுக்குக் கல் அளவு கிடைக்கும்: 12 அடி 1 அங்குலம், 10 அடி 1 அங்குலம். படத்தில் அந்த அளவையே எழுதி, "கல்லுக்குக் கல்" என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

4. கதவும் யன்னலும்

இவை சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பவை. சுவரை அழித்தால் அவையும் போய்விடும். சுவர் பிழை என்றால் அழிக்காமல் வகையை மட்டும் மாற்றுங்கள்.

5. கூரை

ரூஃப் பை ஃபுட்பிரின்ட் (சுற்றுக்கோட்டிலிருந்து கூரை எழுப்பும் கருவி) எடுத்து, சுவர்களைத் தொட்டு, 2 அடி தாழ்வாரம் கொடுத்து, 25 பாகை சரிவு வையுங்கள். முக்கோணச் சுவர் வரும் இரண்டு பக்கங்களிலும் சரிவுக்குறியை நீக்குங்கள். கோடுகள் ஒன்றையொன்று சரியாகத் தொடாவிட்டால் ஏற்க மறுக்கும். மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரை வந்ததும் சுவர்களைத் தேர்ந்து அட்டாச் டொப் அழுத்திக் கூரையைத் தொட்டால், முக்கோணம் தானே நிரம்பும். விறாந்தையின் அரைச்சுவரை இதில் சேர்க்காதீர்கள்.

விறாந்தைக் கூரையைத் தனியாக, வெளி விளிம்புக்கு மட்டும் சரிவு கொடுத்து வரையுங்கள். வரையுமுன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். வெளி விளிம்பு தளத்திலிருந்து 7 அடி உயரம், சரிவு 20 பாகை என்றால் சுவரருகே ஏறத்தாழ 9 அடி 2 அங்குலம். மேல் கூரையின் தாழ்வாரமோ 2 அடி வெளியே வரும்போது 9 அடி 1 அங்குலத்துக்கு இறங்குகிறது. அதே இடத்தில் விறாந்தைக் கூரை 8 அடி ஐந்தரை அங்குலம். நடுவே ஏழரை அங்குலம். கைமரம், றீப்பர் (ஓடு தாங்கும் மரப்பட்டி), ஓடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விறாந்தையை அரை அடி உயர்த்தினால் திரையில் இரண்டு கூரைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகும். மென்பொருளைத் திட்டாதீர்கள், வீட்டிலும் அப்படித்தான் முட்டும்.

6. தச்சரிடம் காட்டுதல்

விறாந்தைக்குக் குறுக்கே ஒரு செக்ஷன் (வெட்டுமுகப் படம்) வெட்டி, அந்த இடைவெளிக்கு அளவு போட்டு, மரம் வாங்குமுன் காட்டுங்கள். எங்கள் தச்சர் பார்த்துவிட்டு, ஓடு மாற்றக் கை நுழைய இடம் போதாது, விளிம்பை இரண்டு அங்குலம் இறக்குங்கள் என்றார். தூண்களையும் கூரையோடு அட்டாச் செய்திருந்ததால், ஓர் எண்ணை மாற்றியதும் அவையும் கூடவே இறங்கின.